பிரேக் ஆயில்: பாட்டிலில் பார்க்க வேண்டியது இரண்டாவது எண்

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் ஏதாவது ஓர் உதிரிபாகக் கடைக்குப் போய் "பிரேக் ஆயில் ஒண்ணு குடுங்க" என்று கேளுங்கள். "டாட் த்ரீயா, டாட் ஃபோரா?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். பதினைந்து வருடம் வண்டி ஓட்டியவர்கள்கூட அங்கே ஒரு நொடி முழிப்பதைப் பார்த்திருக்கிறேன். என்ஜின் ஆயில் என்ன கிரேடு, டயரில் எவ்வளவு காற்று, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. காலை வைத்தால் வண்டி நிற்கும் என்ற நம்பிக்கையைத் தாங்கிக்கொண்டிருக்கும் அந்த அரை லிட்டர் திரவத்தைப் பற்றி மட்டும் யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது ஏற்காடு. சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு சேலம் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். 20 கொண்டை ஊசி வளைவுகள். சாலை நன்றாக இருந்ததால் நான்காவது கியரிலேயே விட்டு, வளைவுக்கு வளைவு அழுத்தி அழுத்திப் பிரேக் பிடித்து வந்தேன். பாதி வழியில் குழந்தைக்கு வயிற்றைப் புரட்டியது. ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் இருந்தோம். திரும்ப வண்டியை எடுத்து, அடுத்த வளைவில் காலை வைத்தேன். பெடல் எந்தத் தடையும் இல்லாமல் தரையைத் தொட்டது. இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்த பிறகு ஏதோ கொஞ்சம் பிடித்தது. முதல் கியரில் தள்ளி, கைப்பிரேக்கையும் இழுத்து, மலைப்பக்கச் சுவரோடு ஒட்டி நிறுத்தினேன். பின்சீட்டில் இருந்த மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

முக்கால் மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தபோது பெடல் பழையபடி கெட்டியாக இருந்தது. ஒன்றுமே நடக்காதது போல. இரண்டாவது கியரிலேயே மெதுவாக இறங்கி வீடு வந்து சேர்ந்தோம். மறுநாள் வழக்கமாக விடும் சர்வீஸ் சென்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கே சார், பிரேக் ஆயில்கூட போன சர்வீஸ்லதான் மாத்தியிருக்கோம்" என்றார்கள். பானெட்டுக்குள் பிரேக் ஆயில் ஊற்றும் டப்பாவில் இருந்த திரவமும் தேன்போலத் தெளிவாகத்தான் இருந்தது. மனது ஒப்பாமல் சிவாஜி நகரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் முன்சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரில் (சக்கரத்தருகே பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் பகுதி) திரவம் வடிக்க இருக்கும் நிப்பிளில் டியூபை மாட்டி, ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் வடித்துக் காட்டினார். டிகாக்ஷன் நிறத்தில் வந்தது.

"மேல டப்பாவுல இருந்ததை மட்டும் சிரிஞ்சுல உறிஞ்சிட்டுப் புதுசு ஊத்தியிருக்காங்க தம்பி. கீழ இருக்கறது வண்டி வாங்கினப்போ வந்ததுதான்."

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதெல்லாம் அந்தப் பாட்டிலில் இருந்தது. அலுவலகத்துக்கும் வீட்டுக்குமாகத் தினமும் ஓடி, எப்போதாவது ஒரு சனி ஞாயிறு மலைப்பாதையில் கொஞ்சம் விரட்டி ஓட்டப்படும் வண்டிக்கு எந்தத் திரவம் என்பதைவிட, அது எத்தனை நாள் பழையது, சக்கரத்துக்குப் பக்கத்தில் இருப்பது எது என்பதுதான் பெரிய கேள்வி.

முதலில் பெயர். எல்லோரும் சொல்வதால் நானும் 'பிரேக் ஆயில்' என்றே எழுதுகிறேன். ஆனால் அதில் எண்ணெய் கிடையாது. கிளைக்கால் ஈதர் என்ற வகை வேதிப்பொருள்களின் கலவை அது. தண்ணீரோடு முழுமையாகக் கலந்துவிடும். 1921-இல் நான்கு சக்கரங்களுக்கும் ஹைட்ராலிக் பிரேக்கோடு டூசன்பர்க் மாடல் ஏ கார் வந்தது. அந்தத் தொடக்க காலத்துப் பிரேக் திரவங்களில் ஆமணக்கு எண்ணெய், அதாவது நம் விளக்கெண்ணெய், ஆல்கஹாலோடு கலந்து பயன்பட்டது. 'ஆயில்' என்ற பெயருக்கு அந்தக் காலத்தில் பொருள் இருந்தது. இன்றைக்கு அந்தப் பெயர் ஆபத்தானது. அவசரத்துக்கு என்று யாராவது என்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ டப்பாவில் ஊற்றிவிட்டால், உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊறி உப்பிவிடும். பெடலின் அழுத்தத்தை வாங்கும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து காலிப்பர் வரை எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டிவரும். ரோட்டோரம் லேபிள் இல்லாத பாட்டிலிலிருந்து யாராவது 'பிரேக் ஆயில்' ஊற்ற வந்தால் தயங்காமல் தடுங்கள்.

இனி ஏற்காட்டில் என்ன நடந்தது என்பதைப் பார்ப்போம். பிரேக் பிடிப்பது என்றால் வேகத்தைச் சூடாக மாற்றுவது. ஆட்களோடு சேர்த்து 1300 கிலோ எடையுள்ள ஒரு கார், மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து ஒரு முறை நின்றால் வெளிவரும் சூடு, ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. அந்த 1200 மீட்டரையும் பிரேக்கால் மட்டுமே இறங்கினால் வெளிவரும் சூட்டில் 45 லிட்டருக்கு மேல் தண்ணீர் கொதிக்கும். மூன்று குடம். நூறில் போய்க்கொண்டிருக்கும் வண்டியைக் கிட்டத்தட்ட முப்பது முறை நிறுத்துவதற்குச் சமம். காற்றும் என்ஜினும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும் என்றாலும், நான்காவது கியரில் வந்தவனுக்கு என்ஜின் பெரிதாக உதவியிருக்காது. மிச்சச் சூட்டில் பெரும்பங்கு முன்சக்கரத்தோடு சுழலும் தட்டுகளான டிஸ்க்குகளின் தலையில்தான் விழும். டிஸ்க்கிலிருந்து, அதை இறுக்கிப் பிடிக்கும் பேடுக்கும், பேடிலிருந்து பிஸ்டனுக்கும், பிஸ்டனுக்குப் பின்னால் இருக்கும் திரவத்துக்கும் அது போகும். பேட் தேய்ந்து மெலிந்திருந்தால் இன்னும் எளிதாகப் போகும்.

திரவத்தை அழுத்தினால் சுருங்காது. அதனால்தான் காலின் அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது. ஆவி அப்படியில்லை, அழுத்தினால் சுருங்கிக்கொண்டே போகும். குழாயில் ஒரு துளி திரவம் கொதித்து ஆவியானாலும் பெடலை மிதிக்கும்போது முதலில் அந்த ஆவிதான் நசுங்கும். பிரேக்குக்கு ஒன்றும் போகாது.

ஓடிக்கொண்டிருக்கும்போது பிடித்த பிரேக், நின்று கிளம்பியதும் ஏன் போனது? இதற்கு வீட்டுப் பிரஷர் குக்கரை நினைத்துக்கொள்ளலாம். அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். பெடலை மிதித்திருக்கும்போது குழாய்க்குள் காற்றழுத்தத்தைப் போலப் பல பத்து மடங்கு அழுத்தம் இருக்கிறது. அந்த அழுத்தத்தில் திரவம் எளிதில் கொதிக்காது. காலை எடுத்ததும் அழுத்தம் சட்டென்று விழுகிறது. குக்கரின் வெயிட்டைத் தூக்கியது போல. கொதிநிலையை ஒட்டி நின்ற திரவம் அப்போது ஆவியாகிறது. அதோடு, ஓடும்போது டிஸ்க்கைக் குளிர்விக்கும் காற்று, வண்டி நின்றதும் நின்றுவிடுகிறது. டிஸ்க்கில் தேங்கிய சூடு சாவகாசமாகக் காலிப்பருக்குள் ஏறும். திரவம் உச்சச் சூட்டை அடைவது பல சமயங்களில் நிறுத்திய சில நிமிடங்களுக்குப் பிறகுதான். நாங்கள் நின்ற பத்து நிமிடம் அதற்கு அளவெடுத்தது போல அமைந்துவிட்டது. பிறகு ஆறியபோது ஆவி மறுபடி திரவமாகி, பெடல் கெட்டியானது. மறுநாள் எந்தச் சோதனையிலும் இது சிக்காது. "எல்லாம் சரியா இருக்கே" என்ற பதிலை நம்பி மறுபடி மலையேறுகிறவர்களை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

மலையில் பிரேக் போவதற்கு இன்னொரு வழியும் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பேட் அளவுக்கு மீறிச் சூடானால் டிஸ்க்கைப் பற்றும் பிடிமானத்தை இழக்கும். அப்போது பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கும், கருகல் நாற்றம் வரும், வண்டி மட்டும் நிற்காது. பெடல் மெத்தென்று உள்ளே போனால் கோளாறு திரவத்தில். கெட்டியாக இருந்தும் பிடிக்காவிட்டால் பேடில். முதல் வகைக்கு எவ்வளவு விலையுயர்ந்த பேட் வாங்கிப் போட்டாலும் பயனில்லை. பெங்களூரிலிருந்து சேலம் போகிறவர்கள் எல்லோரும் அறிந்த தொப்பூர் கணவாயில் கனரக லாரிகள் கட்டுப்பாட்டை இழப்பதைச் செய்தியில் படிக்கிறோம். அவற்றுக்கு இருப்பது காற்று பிரேக். அங்கே கொதிக்கத் திரவம் கிடையாது. ஆனால் சக்கரத்தின் டிரம்மும், அதை உள்ளிருந்து பிடிக்கும் ஷூவும் அதே சூட்டில்தான் தோற்கின்றன.

இப்போது கடைக்காரரின் கேள்விக்கு வருவோம். 'டாட்' என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் பெயர்ச் சுருக்கம். அவர்கள் வகுத்த தரத்தின் எண்கள்தான் 3, 4, 5, 5.1. ஒவ்வொரு தரத்துக்கும் குறைந்தபட்சமாக இரண்டு கொதிநிலைகள் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று, சீல் பிரித்த புதுத் திரவத்துக்கான உலர் கொதிநிலை. மற்றது, சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிய திரவத்துக்கான ஈரக் கொதிநிலை. டாட் 3-க்கு இவை 205, 140 டிகிரி செல்சியஸ். டாட் 4-க்கு 230, 155. டாட் 5-க்கும் 5.1-க்கும் 260, 180. இவை கீழ் எல்லைகள். நல்ல நிறுவனங்களின் திரவம் பெரும்பாலும் இதைத் தாண்டியே இருக்கும்.

டாட் 3-இன் இரண்டு எண்களை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். 205-லிருந்து 140. நூற்றில் நான்கு பங்குகூட இல்லாத தண்ணீர் 65 டிகிரியைத் தின்றுவிடுகிறது. இந்தத் தண்ணீர் யாரும் ஊற்றி வருவதில்லை. கிளைக்கால் திரவத்துக்குக் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உண்டு. மழைக்காலத்தில் திறந்து வைத்த உப்பு ஜாடி நீர்த்துப்போவது போல. சக்கரத்துக்குப் போகும் ரப்பர் குழாய்களின் சுவர் வழியாகவும், டப்பாவின் மூடி வழியாகவும் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே வரும். வண்டி ஓடினாலும் வரும், மூடிபோட்டு நிறுத்தி வைத்திருந்தாலும் வரும். ஆகவே பிரேக் ஆயிலின் வயதைக் கிலோமீட்டரில் அளப்பதில் அர்த்தமில்லை. காலண்டரில்தான் அளக்க வேண்டும். வருடத்துக்கு நாலாயிரம் கிலோமீட்டர்தான் ஓடுகிறது, அதற்குள் மாற்ற வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஈரத்தை இழுக்காத திரவம் இல்லையா என்றால், இருக்கிறது. டாட் 5. அது சிலிக்கோன், பெரும்பாலும் ஊதா நிறம் சேர்த்து விற்கிறார்கள். கேட்க நன்றாக இருந்தாலும் நம் வண்டிக்கு அது வேண்டாம். உள்ளே எப்படியோ வந்துசேரும் தண்ணீரை அது கரைத்து வைத்துக்கொள்ளாது. தண்ணீர் தனித்துளியாகத் தாழ்வான இடத்தில் தங்கி, நூறு டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், இரும்பையும் அரிக்கும். கிளைக்கால் திரவம் ஈரத்தை உறிஞ்சுவது குறை என்று நினைக்கிறோம். ஒரு விதத்தில் அது நம்மைக் காப்பாற்றும் குணமும்கூட. மேலும் சிலிக்கோனில் நுண்ணிய காற்றுக் குமிழிகள் எளிதில் தங்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்க நொடிக்குப் பல முறை வால்வைத் திறந்து மூடும் ஏபிஎஸ்ஸுக்கு அது ஒத்துவராது. இந்தியாவில் ஏப்ரல் 2019-க்குப் பிறகு விற்ற கார்கள் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் கட்டாயம். இதையெல்லாம் விடப் பெரிய சிக்கல் பெயரில் இருக்கிறது. டாட் 5.1 என்பது சிலிக்கோன் இல்லை. 3, 4 போல அதுவும் கிளைக்கால் குடும்பம்தான். 3, 4, 5.1 மூன்றும் ஒன்றோடொன்று கலக்கும். 5 மட்டும் எதோடும் சேராது. ஒரு புள்ளியையும் ஒன்றையும் கவனிக்காமல் வாங்கி ஊற்றினால் முழு அமைப்பையும் கழுவி எடுக்க வேண்டிவரும். இப்படிப் பெயர் வைத்தவர்கள் வேறு எண் கொடுத்திருக்கலாம் என்று எனக்கு வெகுநாளாகக் கோபம் உண்டு.

சரி, வேகமாக ஓட்டுகிற ஆசை உள்ளவர்கள் ரேஸ் திரவம் வாங்கலாமா? மோட்டுல் ஆர்பிஎஃப் 600-இன் உலர் கொதிநிலை 312 டிகிரி என்று பாட்டிலிலேயே பெரிதாகப் போட்டிருக்கும். பார்த்ததும் மனது அதன் பின்னால் போகும். இரண்டாவது எண்ணைப் பாருங்கள்: 205. அதாவது ஈரம் ஏறிய பிறகு அது சீல் பிரித்த சாதாரண டாட் 4-இன் 230-ஐவிடக் கீழே இறங்கிவிடுகிறது. ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு இது பொருட்டில்லை; போட்டிக்குப் போட்டி மாற்றிவிடுவார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ, கோயம்புத்தூர் காரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ ஒரு நாள் முழுக்கச் சுற்றப்போகிறவர்கள் முந்தின வாரம் அதை ஊற்றிக்கொள்வது நியாயமான செலவு. அவுட்டர் ரிங் ரோட்டில் மாதம் முழுக்க ஊர்ந்துவிட்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை நந்தி மலை போகிறவர், ரேஸ் திரவத்தை ஊற்றிவிட்டு மூன்று வருடம் மறந்துபோனால், அந்த 312 அவரிடம் இருக்காது. காஸ்ட்ரால் எஸ்ஆர்எஃப் என்ற ஒன்று இதில் விதிவிலக்கு. 320 உலர், 270 ஈரம் என்று அதன் தயாரிப்பாளர் குறிப்பிடுகிறார். ஈரம் ஏறியும் பெரிதாக விழாத வேறு வகை வேதிக்கலவை. விலையோ சாதாரண டாட் 4-ஐப் போலப் பல மடங்கு. அந்தப் பணத்தில் சாதாரணத் திரவத்தைப் பல வருடங்கள் வருடாவருடம் மாற்றிக்கொள்ளலாம். நான் அந்தப் பக்கம்தான்.

வண்டி வழுக்காமல் காக்கும் இஎஸ்பி உள்ள புதிய கார்களுக்கு இன்னொரு விஷயம் உண்டு. அந்த யூனிட்டுக்குள் இருக்கும் துளைகள் மிகச் சிறியவை. திரவம் இளக்கமாக இருந்தால்தான் வேகமாக வேலை செய்யும். அதற்காகவே பாகுத்தன்மை குறைந்த டாட் 4 வருகிறது. ஐஎஸ்ஓ 4925 தரத்தில் கிளாஸ் 6 என்று போட்டிருப்பார்கள். தரத்தில் பாகுத்தன்மையை அளப்பது மைனஸ் 40 டிகிரியில். பெங்களூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி, அதுவும் 1884 ஜனவரியில். ஆகவே கெட்டியான திரவம் ஊற்றினால் நம் ஊரில் உடனே வம்பு வந்துவிடாது. இருந்தாலும் தயாரிப்பாளர் இதைத்தான் ஊற்றச் சொல்லியிருக்கிறார் என்றால் அதையே ஊற்றுங்கள். டப்பாவின் மூடியிலேயே எந்த டாட் என்று எழுதியிருக்கும், கையேட்டிலும் இருக்கும். டாட் 3 என்று எழுதிய பெரும்பாலான கார்களுக்கு டாட் 4 ஊற்றலாம். டாட் 4 கேட்கும் வண்டிக்கு 3-ஐ ஊற்றக் கூடாது. கலந்தால் கெடாது என்பதற்காகக் கலக்கவும் வேண்டாம்; கலவையின் கொதிநிலை தாழ்ந்ததை நோக்கித்தான் இறங்கும்.

பெங்களூரு டிராஃபிக்கில் பிரேக் ஓயாமல் வேலை செய்கிறதே, அதில் திரவம் கெடாதா என்று பலர் கேட்கிறார்கள். சில்க் போர்டு சந்திப்பில் ஒரு மணி நேரம் மிதித்து மிதித்துக் கால் வலித்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் சூடு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. முப்பதில் வரும் வண்டியை நிறுத்தும் சூடு, நூறிலிருந்து நிறுத்துவதில் பதினொன்றில் ஒரு பங்குதான். நகர நெரிசல் பேடைத் தேய்க்கும், கிளட்ச்சைத் தேய்க்கும், பொறுமையைத் தேய்க்கும். திரவத்தைக் கொதிக்க வைக்காது. இதில்தான் ஏமாற்றமும் இருக்கிறது. ஈரம் ஏறி 160-க்கு வந்துவிட்ட திரவம் ஊருக்குள் எந்த அறிகுறியும் காட்டாது. திங்கள் முதல் வெள்ளி வரை குறையொன்றும் தெரியாமல் பிடித்த பிரேக், ஞாயிற்றுக்கிழமை ஏலகிரியில் இறங்கும்போதுதான் உண்மையைச் சொல்லும். (ஏலகிரியின் 14 வளைவுகளுக்கும் பாரி, ஓரி, கபிலர், ஔவையார் என்று பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். அதைப் படிக்கும் வேகத்தில் இறங்குவதே அந்தப் பாதைக்குப் பொருத்தமான வேகம் என்பது என் எண்ணம்.)

மாற்றுவது என்றால் என்ன என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதம் பிடிப்பேன். டப்பாவில் இருப்பதை உறிஞ்சிப் புதிதாக ஊற்றுவது மாற்றுவது ஆகாது. என்ஜின் ஆயில் போலப் பிரேக் ஆயில் சுற்றி வராது. காலிப்பரில் இருப்பது அங்கேயே கிடக்கும். சூடு படுவதும் அதற்குத்தான். நான்கு சக்கரத்திலும் நிப்பிளைத் திறந்து, புதுத் திரவம் தெளிவாக வரும்வரை பழையதை வெளியே தள்ள வேண்டும். மெக்கானிக்குகள் 'ஏர் எடுக்கிறது' என்பார்களே, அதே வேலை. ஆனால் குமிழி நின்றதும் நிறுத்தாமல் நிறம் மாறும்வரை தொடர வேண்டும். பெரும்பாலான கார்களுக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் பிடிக்கும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். கையேட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இடையில் டப்பா வறண்டால் காற்று உள்ளே போய்விடும். ஏபிஎஸ் யூனிட்டுக்குள் போய்விட்டால் அதை எடுக்கத் தனிக் கருவி தேவைப்படலாம். வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். சீல் பிரிக்காத பாட்டிலை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். ஷெல்ஃபில் பாதி தீர்ந்து நிற்கும் பாட்டில் எத்தனை மாதமாக ஈரம் குடித்துக்கொண்டிருக்கிறதோ, யாருக்குத் தெரியும்.

பல நிறுவனங்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கின்றன. ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு அது போதும். மலைக்குப் போகிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளலாம். நான் மழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் பயணத்துக்கு முன்பாக மாற்றுகிறேன். பேனா போன்ற சிறு சோதனைக் கருவிகள் கிடைக்கின்றன. அவை திரவத்தின் மின்கடத்துத் திறனை வைத்து ஈரத்தை ஊகிப்பவை, அதுவும் டப்பாவில் இருப்பதை. திரவத்தை உண்மையிலேயே சூடாக்கிக் கொதிநிலை பார்க்கும் கருவி இன்னும் நம்பகமானது. நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. கறுத்த திரவம் பழையதுதான், ஆனால் தெளிவாக இருப்பதெல்லாம் உலர்ந்தது என்று அர்த்தமில்லை.

டப்பாவில் அளவு குறைந்தால் உடனே ஊற்றி நிரப்பாதீர்கள். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும். அந்த இடத்தைத் திரவம் நிரப்புவதால் மேலே மட்டம் இறங்கும். முதலில் பேடைப் பார்க்க வேண்டும். பேட் புதிதாக இருந்தும் மட்டம் குறைந்தால் எங்கோ கசிகிறது. வண்டியை எடுக்கவே கூடாது. நிறைய கார்களில் கிளட்ச்சுக்கும் இதே டப்பாவிலிருந்துதான் திரவம் போகிறது என்பதால் அங்கேயும் பார்க்க வேண்டும்.

எந்தத் திரவம் ஊற்றினாலும் இறக்கத்தில் கியர்தான் முதல் பிரேக். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். ஆட்டோமேட்டிக்கில் எல் அல்லது மேனுவல் முறை இருக்கும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடும் பழக்கம் இன்னும் போகவில்லை. என்ஜினையும் அணைத்துவிட்டால் காலின் அழுத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் பிரேக் பூஸ்டருக்கான வெற்றிடம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்து, பெடல் பாறையாகிவிடும். காலைப் பெடலில் லேசாக வைத்துக்கொண்டே வருவதைவிட, வளைவுக்கு முன் உறுதியாகப் பிடித்து முழுதாக விடுவது டிஸ்க்குக்கு ஆற நேரம் கொடுக்கும். நன்றாகச் சூடேறிய பிறகு சட்டென்று நிறுத்தாமல், பிரேக் அதிகம் தேவைப்படாத சமதளத்தில் சிறிது தூரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.

அப்படியும் பெடல் உள்ளே போய்விட்டால் வேகமாகத் திரும்பத் திரும்ப மிதியுங்கள். ஆவியை நசுக்கிக் கொஞ்சம் அழுத்தம் திரும்ப வரும். அதே நேரம் கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். கையால் இழுக்கும் கைப்பிரேக் கேபிளில் வேலை செய்வது, திரவத்தை நம்பி இருப்பதில்லை. அதை ஒரேயடியாக இழுக்காமல், பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். நின்ற பிறகு குறைந்தது அரை மணி நேரம், டிஸ்க் பக்கத்தில் கை வைத்தால் அனல் அடிப்பது நிற்கும்வரை கிளம்பக் கூடாது. சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிவிடும்.

பைக் வைத்திருப்பவர்களுக்கும் இவையெல்லாம் பொருந்தும். அதில் திரவத்தின் அளவு மிகக் குறைவு என்பதால் இன்னும் சீக்கிரம் கெடும். ஹாண்டில்பாரில் இருக்கும் அந்தச் சின்ன டப்பாவைத் திறக்கும் முன் பெட்ரோல் டேங்கின் மேல் ஒரு துணியைப் போர்த்துங்கள். இந்தத் திரவம் பெயிண்டைத் தின்னும். சிந்திவிட்டால் வெறும் துணியால் தேய்க்காமல் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். தண்ணீரோடு கலக்கும் குணம் இங்கே நமக்கு உதவும்.

என் வண்டியில் இப்போது இருப்பது கையேடு சொன்ன டாட் 4. ஆடம்பரம் எதுவும் இல்லை. வாங்கும்போது ஈரக் கொதிநிலை எது அதிகம் என்று இரண்டு மூன்று பாட்டிலைத் திருப்பிப் பார்த்து எடுத்தது. மாற்றிய தேதியை ஒரு தாளில் எழுதிப் பானெட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். சிவாஜி நகர் அண்ணன் ஒவ்வொரு வருடமும் பழையதை அதே மாதிரி பிளாஸ்டிக் பாட்டிலில் வடித்து, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார். போன டிசம்பரில் எடுத்தது இளம் தேநீர் நிறத்தில் இருந்தது. அடுத்த வாரம் ஏற்காடு போய் வந்தோம். இறங்கும்போது இரண்டாவது கியர். மாமியார் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.